அகல டயரும் அறுத்த மட்கார்டும்

நமது சங்க ஏட்டில் வரி, உரிமம், எடை அளவு, வங்கிக் கடன் என்று விவரம் தெரிந்தவர்கள் பலர் எழுதுகிறார்கள். பருப்பு மொத்த வியாபாரியான நான் டயரைப் பற்றியும் மட்கார்டைப் பற்றியும் எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "அண்ணாச்சி எப்போது மெக்கானிக் ஆனார்?" என்று மதுரை கீழமாசி வீதியில் கேலி செய்பவர்களும் உண்டு. நான் மெக்கானிக் இல்லை. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து, மூட்டை தூக்கி, கணக்கு எழுதி, வியாபாரம் கற்றவன். ஆனால் ஒரு டயரால் பட்ட அடிக்குப் பிறகு, நாலு பட்டறை ஏறி இறங்கி, கேட்டும் பார்த்தும் சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். நம்மில் பெரும்பாலோர் இன்று சரக்கு ஏற்ற ஒரு சின்ன வண்டியாவது வைத்திருக்கிறோம். பலர் வீட்டில் காரும் இருக்கிறது. ஆகவே நான் கொடுத்த விலையை மற்றவர்களும் கொடுக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

இரண்டு மூட்டை ஆசை

2022 ஆகஸ்டில் நடந்தது. எங்கள் கடையில் முக்கால் டன் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி ஒன்று ஓடுகிறது. டிரைவர் நல்ல பையன். வண்டியைத் தன் வீட்டு மாடு மாதிரி பார்த்துக்கொள்வான். அவனுக்கு ஓர் ஆசை. "அண்ணாச்சி, இந்தச் சின்ன டயர் ரோட்டில் நிற்கவே மாட்டேங்குது. அகலமான டயரும் அலாய் சக்கரமும் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும். இரண்டு மூட்டை கூடவும் ஏற்றலாம்" என்றான். கம்பீரம் எனக்கு வேண்டியதில்லை. இரண்டு மூட்டை என்றதும் காது திறந்துவிட்டது. உண்மையை மறைப்பானேன்?

டயர் கடையிலும் "தாராளமாகப் போடலாம்" என்றார்கள். நான்கு சக்கரத்துக்கும் அகல ரிம், அகல டயர் மாட்டினார்கள். மாட்டிய பிறகு பார்த்தால், பின் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பள்ளத்தில் இறங்கினால் 'சர்' என்று உரசியது. பக்கத்திலிருந்த டிங்கர் பட்டறையில் காட்டினோம். அவர் கட்டிங் மெஷினை எடுத்து மட்கார்டின் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தார். மேலே கறுப்புப் பெயின்ட் ஒரு கை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் ஊருக்குள்ளேயே அரை லோடாக ஓடியதுதான் காரணம். பதினோராம் நாள் 14 மூட்டை துவரம்பருப்பு, மூட்டை 50 கிலோ, அருப்புக்கோட்டைக்குப் போனது. காரியாபட்டி தாண்டியதும் இடது பின் டயர் வெடித்து வண்டி சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. டிரைவருக்கு இடது கை எலும்பு முறிந்தது. எதிரே வண்டி எதுவும் வராதது கடவுள் செயல். நான்கு மூட்டை கிழிந்து பருப்பு மண்ணோடு கலந்தது.

வண்டியைத் தூக்கி வந்த பிறகு ஒரு வயதான மெக்கானிக் டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். டயரின் தோள்பட்டையில், அதாவது தரையில் படும் பாகமும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், வட்டமாக ஒரு வெட்டு ஓடியிருந்தது. அரிவாள்மணையில் வைத்து இழுத்தது போல. "டயர் தானாக வெடிக்கவில்லை அண்ணாச்சி. உங்கள் மட்கார்டு அறுத்திருக்கிறது" என்றார்.

அன்றிலிருந்துதான் நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நாம் ஒரு டின் எண்ணெய் வாங்கினால் நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் பார்க்கிறோம். டயரிலும் அப்படியே எல்லாம் அச்சடித்திருக்கிறது. படிப்பார்தான் இல்லை.

கார் டயர் ஒன்றில் 165/80 ஆர் 14 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 14 அங்குலம் என்பது சுமார் 356 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்த்தால் 264. ஆக மொத்த உயரம் 620 மி.மீ. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. விலைக்குமேல் சதவீதம் போடும் கணக்குதான்.

இந்த மொத்த உயரம் முக்கியம். வண்டியின் வேகம் காட்டும் முள் சக்கரம் சுற்றுவதை வைத்தே கணக்கிடுகிறது. அதே ரிம்மில் 195/80 போட்டால் உயரம் 668 மி.மீ. ஆகிவிடும். அப்போது முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். தராசில் எடைக்கல் மாறிப்போனால் எப்படியோ அப்படி.

அளவுக்கு அடுத்து இரண்டு இலக்க எண் ஒன்றும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் பாரக் குறியீடு. நமக்கு இதைவிட வேண்டிய எண் வேறில்லை. 77 என்றால் ஒரு டயர் 412 கிலோ தாங்கும். 80 என்றால் 450. 85 என்றால் 515. 86 என்றால் 530. 88 என்றால் 560. எழுத்து வேக எல்லையைக் குறிக்கும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். எங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 145 ஆர் 12 எல்.டி. டயர். எல்.டி. என்பது சரக்கு வண்டிக்கான டயர் என்பதன் குறி. உள்ளே பலமான கட்டு, அதிகக் காற்றழுத்தம் தாங்கும். அதில் போட்டிருந்த எண் 86. நான் மாட்டியது 165/70 ஆர் 12, கார் டயர். அதில் எண் 77. பார்வைக்கு 20 மி.மீ. அகலம் அதிகம், தாங்கும் சக்தியோ டயருக்கு 118 கிலோ குறைவு!

பிறகு ஒருநாள் வண்டியைப் பழுது பார்த்து, பழைய அளவு டயர் போட்டு, அதே 14 மூட்டையை ஏற்றி எடைமேடையில் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். 920 கிலோ காட்டியது. பழைய அளவு டயர் இரண்டும் சேர்ந்து 1,060 கிலோ தாங்கும். நான் மாட்டிய அகல டயர் இரண்டும் சேர்ந்து 824 கிலோதான் தாங்கும். கூட இரண்டு மூட்டை ஏற்றலாம் என்று நினைத்து, வழக்கமான பாரத்தையே தாங்காத டயரைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறேன். அகலம் வேறு, பலம் வேறு. சாக்குப் பை பெரிதாக இருப்பதால் மட்டும் அதிக எடை தாங்கிவிடுமா? சணல் எப்படி, தையல் எப்படி என்று பார்க்க வேண்டாமா?

டயரில் இன்னொரு நான்கு இலக்க எண்ணும் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது என்று பொருள். கைமாறிய அகல டயர்களை மலிவாக வாங்குவோர் இதை அவசியம் பார்க்க வேண்டும். பட்டன் தேயாமல் புதிது போல் இருக்கும்; ரப்பர் கிழடு தட்டியிருக்கும். பழைய சரக்கைப் புது மூட்டையில் கட்டிவைத்தால் நமக்குத் தெரியாதா என்ன?

மட்கார்டின் வேலை

பெயரைப் பார்த்துச் சேறு தடுக்கும் தகடு என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். சேற்றையும் கல்லையும் பின்னால் வருபவர் மேல் வீசாமல் தடுப்பது ஒரு வேலை. சக்கரம் மேலும் கீழும் போய்வரவும், முன் சக்கரம் திரும்பவும் தேவையான இடத்தைக் கொடுப்பது இரண்டாவது வேலை. காரில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பின் மட்கார்டு தனித் தகடு அல்ல, பாடியின் ஓர் அங்கம். வெளித்தகடும் உள்தகடும் ஓரத்தில் சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும்.

சக்கர வளைவின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தகடு உள்பக்கமாக ஓர் அங்குலத்துக்குள் மடிந்திருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தின் வாயை மடித்துவிட்டிருப்பார்களே, அதே காரணம்தான். மடிப்பு இருந்தால் தகடு நெளியாது, கையை வெட்டாது. மடிப்பை அறுத்துவிட்டால் மெல்லிய தகடு ஆடத் தொடங்கும்; ஓரம் கத்தியாகிவிடும்.

சரக்கு ஏற்றும்போது ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, பாடி கீழே இறங்குகிறது. அதாவது டயர் மட்கார்டுக்குள் மேலே ஏறுகிறது. பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா இறங்குவது போல் இது நடக்க வேண்டும். உள்ளே போக வேண்டிய டப்பா அகலமாகிவிட்டால் விளிம்பில் இடிக்கும். வெறும் வண்டியில் மூன்று விரல் இடைவெளி தெரிந்தாலும், லோடு ஏற்றிப் பள்ளத்தில் விழும்போது அது இருக்காது. என் வண்டியில் நடந்தது இதுவே. இறங்கி வந்தது மடிப்பில்லாத அறுத்த ஓரம். கீழே சுற்றிக்கொண்டிருந்தது டயரின் தோள்பட்டை.

அகலம் எந்தப் பக்கம் போகிறது?

டயர் 20 மி.மீ. அகலமானால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், உள்ளே 10, வெளியே 10 என்று பிரிந்துகொள்ளும். ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருப்பதில்லை. ரிம்மை மாற்றும்போது ஆப்செட் என்ற ஒரு கணக்கு குறுக்கே வருகிறது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியில் போல்ட் போட்டுச் சேரும் முகத்துக்கும் உள்ள தூரமே ஆப்செட். அலாய் சக்கரங்களில் ஈ.டி. 45, ஈ.டி. 35 என்று பொறித்திருப்பார்கள். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் முழுவதும் 10 மி.மீ. வெளியே வந்துவிடும். சிலர் இடையில் ஸ்பேசர் என்ற வளையம் வைத்து மாட்டுகிறார்கள். அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவும் வெளியே வரும். போதாக்குறைக்கு நட்டு பிடிக்கும் மரை குறைந்துவிடும்.

வெளியே வந்தால் மட்கார்டில் உரசும் என்பது மட்டுமல்ல. ஒரு மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு நம் லோடுமேன்களுக்குத் தெரியும். சக்கரம் வெளியே தள்ளிப்போகப் போக, பேரிங்கும் அச்சும் கையை நீட்டித் தூக்குகின்றன. பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். முன் சக்கரமானால் ஸ்டீயரிங் கனக்கும். பள்ளம் மேட்டில் பிடுங்கி இழுக்கும்.

உள்பக்கம் போனாலும் தொல்லைதான். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது உள்ளே உள்ள பிளாஸ்டிக் தடுப்பு, பிரேக் ஹோஸ், சஸ்பென்ஷன் இவற்றில் ஏதாவது ஒன்றில் இடிக்கும். மட்கார்டில் உரசினால் சத்தமாவது கேட்கும். பிரேக் ஹோஸில் உரசினால் அறுந்த பிறகுதான் தெரியும்.

பட்டறைகளில் செய்யும் முறைகள்

என் மகனுக்கும் காரில் அகல டயர் போடும் ஆசை இருந்தது. அதனால் நல்ல பட்டறைகளில் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று அவனோடு போய் நின்று பார்த்தேன். பெரும்பாலும் நான்கு வழிகள்.

முதலாவது, உள் மடிப்பை மேல்நோக்கிப் படிய வைப்பது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உருளை பொருத்திய ஒரு கருவியை மாட்டுகிறார்கள். மடிப்பின் மேலுள்ள பெயின்ட்டைச் சூடு காட்டும் மெஷினால் இளக்கி, உருளையை அழுத்தி, இப்படியும் அப்படியுமாகப் பலமுறை ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்குகிறார்கள். சப்பாத்தி தேய்ப்பது போலப் பொறுமையான வேலை. மடிப்பின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே இடம் கிடைக்கும், மில்லிமீட்டர் கணக்குத்தான். தகடு அறுபடாததால் பலம் போவதில்லை. சூடு காட்டாமல் அவசரப்பட்டால் பெயின்ட் வெடித்து, மழைக்காலத்தில் துரு பிடிக்கும். சில இடங்களில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரும்புக் குழாயைச் செருகி வண்டியை உருட்டுகிறார்கள். அது மலிவு. தகடு அலை அலையாக நெளிந்துவிடும்.

இரண்டாவது, மடக்கிய பிறகு தகட்டையே வெளிப்பக்கம் இழுத்து விரிப்பது. இடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கதவு, பம்பர் இவற்றோடு மட்கார்டு சேரும் கோடு மாறிப்போகும். பெயின்ட் முழுவதும் மறுபடி அடிக்க வேண்டிவரும்.

மூன்றாவது, வெட்டுவது. முன் மட்கார்டு பெரும்பாலான கார்களில் போல்ட் போட்டு மாட்டியது. வெட்டு தவறினால் புதிது வாங்கி மாட்டலாம். பின்புறம் அப்படியல்ல. முன்பே சொன்னபடி இரண்டு தகடு சேரும் இடம் அது. அறுத்தால் வெல்டிங்கும் போகிறது, தண்ணீர் புகாமல் வைத்த அடைப்பும் போகிறது. தெரிந்தவர்கள் வெட்டிய பிறகு இரண்டு தகட்டையும் மறுபடி சேர்த்து வெல்டிங் செய்து, சீலர் வைத்து, பிரைமர் அடித்து, அதற்குமேல் பெயின்ட் அடிக்கிறார்கள். தெரியாதவர்கள் அறுத்ததோடு கறுப்புப் பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள், எனக்கு அனுப்பியது போல.

நான்காவது, மட்கார்டின்மேல் பிளாஸ்டிக்கிலோ பைபரிலோ அகல வளைவு ஒன்றை ஒட்டியோ ஸ்க்ரூ போட்டோ பொருத்துவது. வெளியே வந்த டயரை இது மூடும், சேறு தெறிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் தகட்டை இது நகர்த்துவதில்லை. பார்வைக்கு இடம் இருப்பது போல் தோன்றும். உள்ளே பழைய ஓரம் அப்படியே நின்று டயரை அறுக்கும். ஸ்க்ரூவின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எது செய்தாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். டயரின் தோள்பட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். வழக்கமான முழு லோடை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, வேகத்தடை, பள்ளம் எல்லாம் ஏறி இறங்கி மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. வெறும் வண்டியில் பார்க்கும் சோதனை, காலித் தராசைப் பார்த்து எடை சொல்வதற்குச் சமம்.

நன்மையே இல்லையா?

நியாயம் பேச வேண்டும். அகல டயர் காய்ந்த சாலையில் நல்ல பிடிப்பு தருகிறது. வளைவில் வண்டி சாயாமல் நிற்கிறது. அந்தக் காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். மட்கார்டை அகலமாக்குவது பந்தய உலகத்திலிருந்து வந்த பழக்கம். அங்கே பொறியாளர்கள் டயர், சஸ்பென்ஷன், பிரேக், மட்கார்டு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவார்கள். ஏற்றுவது ஓட்டுநர் ஒருவரை. நாமோ ஒன்றை மட்டும் மாற்றி, பருப்பு மூட்டையை ஏற்றுகிறோம்.

மழை பெய்து சாலையில் தண்ணீர் நின்றால் கதை மாறும். அதே பாரம் அதிக அகலத்தில் பரவுவதால் டயர் தண்ணீரை எளிதில் பிதுக்கித் தள்ளாது. அதன்மேல் மிதந்து வழுக்கும். சக்கரத்தின் கனமும் உருளும் தடையும் கூடினால் டீசலும் கூடச் செலவாகும்.

அகல டயர் வேண்டும் என்றே இருந்தால் நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒரே மாடலில் கம்பெனியே விலை கூடிய வகைக்குப் பெரிய டயர் கொடுத்திருக்கும். கையேட்டிலும், டிரைவர் கதவருகே ஒட்டிய சீட்டிலும் எந்தெந்த அளவு பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். என் மகனின் காருக்கு 165/80 ஆர் 14 தவிர 185/65 ஆர் 15-ம் கம்பெனி கொடுத்த அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவது உயரம் 620 மி.மீ., இரண்டாவது 622. பாரக் குறியீடு 85-க்குப் பதில் 88. டயர் 20 மி.மீ. அகலம், மட்கார்டில் கை வைக்க வேண்டியதே இல்லை. ரிம்மும் அதே ஆப்செட் பார்த்து வாங்கினான். பையனுக்கும் ஆசை தீர்ந்தது. எனக்கும் தூக்கம் கெடவில்லை.

சட்டமும் இன்சூரன்சும்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது.

சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சரக்கு வண்டியின் பதிவு விவரங்களில் அச்சுவாரியாக டயரின் எண்ணிக்கையும் அளவும், அச்சு தாங்கும் எடையும் இடம்பெறுகின்றன. டயரை மாற்றினால் மாற்றியது தாளிலேயே தெரிந்துவிடும். எப்.சி.க்குப் போகும்போது மட்டும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போய் வருபவர்களை நான் அறிவேன். எப்.சி. அன்று விபத்து நடப்பதில்லையே!

என் வழக்கில் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் படம் எடுத்தது டயரின் எண்ணைத்தான். அடுத்தது அறுத்த மட்கார்டை. வண்டிச் சேதத்துக்கு நான் கேட்ட தொகை மறுக்கப்பட்டது. கோபத்தில் இரண்டு மூன்று கடிதம் எழுதினேன். பிறகு பாலிசித் தாளை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். மாற்றம் செய்தால் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் தெரிவிக்கவில்லை. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது.

கணக்கு

வியாபாரி எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாமல் இருக்கக்கூடாது. இதோ என் பற்று.

அகல டயர், ரிம் நான்குக்கும் 24,000 ரூபாய். டிங்கர் வேலை 2,500. வண்டி பழுதுக்கு 38,000. டிரைவர் ஆஸ்பத்திரிச் செலவு 56,000. சரக்குச் சேதம் 11,000. பழைய அளவு டயரை மறுபடி வாங்க 14,000. ஆக மொத்தம் 1,45,500 ரூபாய்.

வரவு என்ன? ஒரு நடைக்கு இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றினால் எனக்கு மிச்சமாவது சுமார் 60 ரூபாய். அப்படியானால் இந்தச் செலவை ஈடுகட்ட 2,425 நடை ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு 300 நடை என்று வைத்தால் எட்டு ஆண்டுக்கு மேல். அதுவும் அந்த இரண்டு மூட்டையை வண்டி தாங்கும் என்று இருந்தால்! தாங்காது என்று மேலேயே பார்த்துவிட்டோம்.

டிரைவர் தம்பி நான்கு மாதம் கை தூக்க முடியாமல் வீட்டில் இருந்தான். அவன் சம்பளத்தை நான் நிறுத்தவில்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. ஒருநாள் பார்க்கப் போனபோது, "நான்தானே அண்ணாச்சி போடச் சொன்னேன்" என்று அழுதான். "சொன்னது நீ. சரி என்றவன் நான். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது" என்றேன். அவன் இப்போதும் எங்கள் வண்டியைத்தான் ஓட்டுகிறான்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. டயர் வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காதீர்கள். பாரக் குறியீட்டைப் பழைய டயரோடு ஒப்பிடுங்கள், ஒருபோதும் குறையக்கூடாது. சரக்கு வண்டியில் எல்.டி. டயருக்குப் பதில் கார் டயர் வேண்டவே வேண்டாம்.

2. முழு லோடோடு ஒருமுறை எடைமேடையில் முன் சக்கரம், பின் சக்கரம் என்று தனித்தனியாக நிறுத்தி எடை எழுதி வையுங்கள். டயர் தாங்கும் எடையோடு ஒத்துப் பாருங்கள்.

3. கையேட்டிலும் பதிவு விவரத்திலும் இல்லாத அளவை யார் சொன்னாலும் மாட்டாதீர்கள்.

4. சரக்கு வண்டியின் மட்கார்டை அறுக்காதீர்கள். ஏற்கெனவே அறுத்திருந்தால், அறுத்த ஓரத்தை அப்படியே விடாமல் புது மட்கார்டு மாற்றி, பழைய அளவு டயருக்குத் திரும்பிவிடுங்கள்.

5. வாரம் ஒருமுறை டயரின் உள்பக்கச் சுவரையும் வெளிப்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். வட்டமான கோடு, பளபளப்பு, பொசுங்கிய வாசனை எதுவானாலும் உரசுகிறது என்று பொருள். பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

6. ஸ்டெப்னியும் ஓடும் டயரும் ஒரே அளவாக இருக்கட்டும்.

7. கையெழுத்துப் போடுமுன் இன்சூரன்ஸ் பாலிசியை ஒருமுறையாவது படியுங்கள். முடியாவிட்டால் படித்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிறைவாக ஒன்று. அறுத்த மட்கார்டின் அந்த இரண்டு விரல் தகட்டை டிங்கர் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்து, கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்பார்கள். இரண்டு மூட்டை ஆசையின் விலை என்று சொல்லுவேன். கடைக்கு வரும் நண்பர்கள் கேட்டால் முழுக்கதையும் சொல்லத் தயாராக இருக்கிறேன். டீ என் செலவு.